ஸ்பென்சர் மீது விழுந்த பழி

ஹெர்பர்ட் ஸ்பென்சர் என்ற பெயரோடு நம்மிடையே ஒட்டிக்கொண்டிருப்பது ஒரே ஒரு தொடர்: தக்கன பிழைத்தல். அதைச் சொன்ன கையோடு தீர்ப்பும் வந்துவிடும். ஏழைகள் சாகட்டும் என்று எழுதிய கல்நெஞ்சர். டார்வினின் உயிரியலை மனித சமூகத்தின் மீது ஏவிவிட்டவர். அமெரிக்கப் பெருமுதலாளிகளின் ஆசான். இனவெறிக்கும் ஏகாதிபத்தியத்துக்கும் அறிவியல் போர்வை போர்த்தியவர். சமூகவியல் பாடநூல்களில் இது அரைப் பக்கம், மேடைப் பேச்சில் அரை நிமிடம். 'சமூக டார்வினியம்' என்று முத்திரை குத்தி அவரை ஒதுக்கிவைத்து நெடுங்காலமாகிறது. அவரைத் திட்டுகிறவர்களில் அவருடைய ஒரு நூலையாவது முழுதாகப் படித்தவர்கள் மிகக் குறைவு என்பதே என் எண்ணம். படித்திருந்தால் இப்படிச் சொல்ல வாய் வராது.

இந்தத் தீர்ப்பை மிகை என்று சொல்லி விட்டுவிட முடியாது. முக்கியமான இடங்களிலெல்லாம் அது உண்மைக்கு நேர் எதிராக நிற்கிறது. ஸ்பென்சரிடம் குற்றங்கள் உண்டு. அவற்றைப் பின்னால் சொல்கிறேன். ஆனால் அவர் செய்யாத குற்றத்துக்காக அவரைத் தண்டித்துக்கொண்டிருக்கிறோம். அதில் நமக்கும் நட்டம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியைப் பிரிட்டனிலிருந்தே, எந்தச் சலுகையும் காட்டாமல் கண்டித்த ஒரு குரல் நம் நினைவிலிருந்து அழிந்துபோயிற்று.

முதலில் காலக் கணக்கைப் பார்க்கலாம். அவருக்கு எதிராக மேற்கோள் காட்டப்படும் கொடிய பத்திகளில் பெரும்பாலானவை 'சோஷியல் ஸ்டாடிக்ஸ்' நூலில் உள்ளவை. அந்த நூல் வெளிவந்த ஆண்டு 1851. டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' வந்தது 1859-இல். எட்டு ஆண்டுகளுக்குப் பின்னால் வரப்போகிற ஒரு நூலின் கொள்கையை எடுத்துச் சமூகத்தின் மீது ஏவ யாராலும் முடியாது. பரிணாமம் பற்றி ஸ்பென்சர் தனியே கட்டுரை எழுதியது 1852-இல்; அதுவும் டார்வினுக்கு முன்பே. அவருக்குப் பரிணாமத்தைக் கற்பித்தது பிரெஞ்சு உயிரியலர் லாமார்க்கின் வழி. பழக்கத்தாலும் பயிற்சியாலும் ஓர் உயிர் தன் வாழ்நாளில் பெறும் மாற்றம் அதன் சந்ததிக்கும் போகும் என்பது அந்தக் கொள்கை. இன்றைய உயிரியல் அதை ஏற்பதில்லை. ஆனால் அவர் நம்பியது அதைத்தான்.

இந்த வேறுபாட்டின் மீதுதான் வழக்கே நிற்கிறது. பலவீனர்கள் செத்து ஒழிந்துதான் மனித இனம் மேம்படும் என்றால் இரக்கம் ஒரு தடை. மனிதர்கள் கூடி வாழ்ந்து, ஒருவருக்கொருவர் ஒத்துப்போகப் பழகி, அந்தப் பழக்கம் தலைமுறை தலைமுறையாக ஊறித்தான் இனம் மேம்படும் என்றால் இரக்கமே அந்த மேம்பாட்டின் விளைவு. ஸ்பென்சரின் சமூகக் கொள்கை முழுவதும் இரண்டாவது நம்பிக்கையின் மேல் எழுப்பப்பட்டது. போரும் பகையும் குறையக் குறைய மனிதனுக்குள் பிறர் துன்பம் உணரும் குணம் வளரும் என்று அவர் மெய்யாகவே எதிர்பார்த்தார். 1893-இல், தன் 73-ஆம் வயதில், இயற்கைத் தேர்வு மட்டும் போதாது என்று ஜெர்மானிய உயிரியலர் வைஸ்மனோடு மல்லுக்கு நின்றார். இயற்கைத் தேர்வு போதாது என்று வாதாடியவரைத்தான் அந்த இயற்கைத் தேர்வைச் சமூகத்துக்குப் பொருத்தியவர் என்று நாம் பரீட்சைத் தாளில் எழுத வைக்கிறோம்.

'தக்கன பிழைத்தல்' என்ற அந்தப் புகழ்பெற்ற தொடர் அவருடையதுதான். 1864-இல் 'உயிரியலின் கோட்பாடுகள்' முதல் தொகுதியில் அதை உருவாக்கினார். சக இயற்கையியலர் வாலஸ் வற்புறுத்தியதால் டார்வின் அதை எடுத்துக்கொண்டு 1869-இல் தன் நூலின் ஐந்தாம் பதிப்பில் சேர்த்தார். வலியது வெல்லும், நல்லது நிலைக்கும் என்று அதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்று ஸ்பென்சரே 1872-இல் ஒரு மறுப்புக் கட்டுரையில் தெளிவாக எழுதியிருக்கிறார். எந்தச் சூழலில் இருக்கிறதோ அந்தச் சூழலுக்குப் பொருந்தும் உயிர் தங்கும், அவ்வளவுதான். மனிதப் பார்வையில் தாழ்வு என்று சொல்லத்தக்க குணமே பல வேளைகளில் உயிரைக் காப்பாற்றும் என்பது அவர் விளக்கம். தொடரைச் சொன்னவரே தந்த விளக்கம் 150 ஆண்டுகளாக அச்சில் இருக்கிறது. பழி சொல்கிறவர்கள் அதைத் தேடிப் பார்க்கவில்லை.

சரி, அந்தக் கொடிய பத்தி? அதுவும் இருக்கிறது, மறைக்க வேண்டியதில்லை. வாழப் போதிய நிறைவு உள்ளவர்கள் வாழ்கிறார்கள், இல்லாதவர்கள் இறக்கிறார்கள், இறப்பதே நல்லது என்ற பொருளில் 31 வயதுகூட நிரம்பாத அந்த இளைஞர் எழுதினார். படிக்கும்போது உடம்பு கூசுகிறது. அமெரிக்க வரலாற்றாசிரியர் ரிச்சர்ட் ஹாஃப்ஸ்டாட்டர் 1944-இல் வெளியிட்ட நூல், இந்த வாசகத்தை எடுத்து ஸ்பென்சரின் முகமாகவே காட்டியது. இன்று உலகம் முழுவதும் புழங்கும் ஸ்பென்சர், பெரும்பாலும் அந்த நூல் வரைந்த ஸ்பென்சர்தான். ஆனால் மூல நூலில் அதைத் தொடர்ந்து வருவது என்ன? மனிதர்கள் தாமாகவே ஒருவர் மேல் ஒருவர் காட்டும் பரிவு இந்தக் கடுமையை எந்த அளவுக்குத் தணிக்கிறதோ அந்த அளவுக்கு அது தணிவதே முறை என்கிறது அடுத்த பத்தி. பின்விளைவை நினையாத பரிவால் தீங்கும் வரும் என்று ஓர் எச்சரிக்கையும் அதோடு சேர்ந்து வருகிறது. அவர் நினைப்பின் முழு வடிவம் இதுதான். இதோடு உடன்படலாம், உடன்படாமல் போகலாம். அடுத்த பத்தியை வெட்டிவிட்டு முதல் பத்தியை மட்டும் காட்டுவது நேர்மையான வாதம் ஆகாது.

அவர் எதிர்த்தது உதவியை அல்ல, கட்டாயத்தை. வரி வசூலித்து, அதிகாரி வழியாக, சட்டத்தின் பேரில் தரப்படும் நிவாரணம் கொடுப்பவனிடமும் இரக்கத்தை வளர்க்காது, பெறுபவனையும் மதிக்காது என்பது அவர் வாதம். 1893-இல் முடித்த 'அறவியலின் கோட்பாடுகள்' நூலில் ஈகைக்கென்றே இரண்டு பகுதிகள் ஒதுக்கியிருக்கிறார். நோயாளிகளுக்கு உதவுவது, ஏழைகளுக்குக் கொடுப்பது, துன்பப்படுகிறவருக்குத் துணை நிற்பது எல்லாம் அங்கே கடமைகளாக வருகின்றன. ஏழைகள் சாகட்டும் என்று நினைக்கிறவர் இப்படி ஒரு நூலை உடல்நலம் குன்றிய முதுமையில் உட்கார்ந்து எழுதி முடிக்க மாட்டார்.

பெருமுதலாளிகளின் ஆசான் என்ற பழிக்கு வருவோம். 1882-இல் அவர் அமெரிக்கா சென்றார். நவம்பர் 9 அன்று நியூயார்க்கின் டெல்மானிக்கோ உணவகத்தில் அவருக்கு விருந்து வைத்தார்கள். எஃகு முதலாளி ஆண்ட்ரூ கார்னகியும் வந்திருந்தார். முதலாளித்துவம் தன் தத்துவஞானிக்கு முடிசூட்டிய இரவு என்று அதை வர்ணிப்பது வழக்கம். அந்த மேடையில் ஸ்பென்சர் பேசியது வேறு. அமெரிக்கர்கள் அளவுக்கு மீறி உழைக்கிறார்கள், பொருள் சேர்க்கும் வெறியில் உடம்பையும் மனத்தையும் கெடுத்துக்கொள்கிறார்கள், உழைப்பின் போதனை போதும், இனி ஓய்வின் போதனை வேண்டும் என்று சொன்னார். வாழ்வதற்காக உழைப்பா, உழைப்பதற்காக வாழ்வா என்று அந்தச் செல்வர்களையே கேட்டார். பாராட்டுவார் என்று காத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது கண்டிப்பு.

1896-இல் வெளிவந்த 'சமூகவியலின் கோட்பாடுகள்' கடைசித் தொகுதியை இடதுசாரி நண்பர்கள் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். ஆலைத் தொழிலாளியின் சுதந்திரம் என்று சொல்லப்படுவது நடைமுறையில் ஓர் அடிமைத்தனத்தை விட்டு இன்னோர் அடிமைத்தனத்துக்குப் போகும் உரிமையைவிடப் பெரிதில்லை என்று அங்கே எழுதியிருக்கிறார். கூலி முறைக்கு அப்பால் தொழிலாளர்களே சேர்ந்து நடத்தும் கூட்டுறவுத் தொழில்தான் உயர்ந்த வடிவம் என்று நினைத்தார். அவர் பெயரைச் சொல்லிப் பணம் குவித்தவர்கள் அந்தப் பக்கங்களை எடுத்துக் காட்டியதில்லை. அவரைத் திட்டுகிறவர்களும் காட்டுவதில்லை.

இங்கே இரண்டு நீதிமன்றத் தீர்ப்புகளை அருகருகே வைக்க வேண்டும். 1905-இல் லாக்னர் வழக்கில், ரொட்டிக் கடைத் தொழிலாளர்களின் வேலைநேரத்தை வரையறுத்த நியூயார்க் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ஹோம்ஸ், ஸ்பென்சரின் 'சோஷியல் ஸ்டாடிக்ஸ்' அரசியல் சாசனத்தின் பகுதி ஆகிவிடவில்லை என்று குத்திக் காட்டினார். முற்போக்காளர்கள் இன்றும் கொண்டாடும் வாக்கியம் அது. அதே ஹோம்ஸ் 1927-இல் பக் எதிர் பெல் வழக்கில், கேரி பக் என்ற இளம் பெண்ணுக்கு வர்ஜீனியா மாநில அரசு கட்டாயக் கருத்தடை அறுவை செய்யலாம் என்று தீர்ப்பு எழுதினார். தகுதியற்றவர்கள் பெருகக் கூடாது என்ற எண்ணத்தை அரசின் கத்தியைக் கொண்டு நிறைவேற்ற அனுமதித்தவர் ஸ்பென்சரைப் பழித்த நீதிபதி. கட்டாயத் தடுப்பூசிச் சட்டத்தையே அரசின் அத்துமீறல் என்று எதிர்த்த ஸ்பென்சரின் கொள்கையில் இப்படி ஒரு கத்திக்கு இடமே கிடையாது. இனமேம்பாட்டு வெறிக்குத் தேவைப்பட்டது அதிகாரம் படைத்த ஓர் அரசு. அந்த அரசைத்தான் 1884-இல் 'மனிதன் எதிர் அரசு' நூலில் அவர் எச்சரித்தார்.

ஏகாதிபத்தியத்துக்குத் தத்துவம் தந்தவர் என்ற பழிதான் எல்லாவற்றிலும் அநியாயமானது. இந்தியர்களாகிய நாம் அதைத் திருப்பிச் சொல்வது இன்னும் அநியாயம்.

அதே 'சோஷியல் ஸ்டாடிக்ஸ்' நூலில் குடியேற்றங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சியை அங்கே வரி வரியாக விசாரிக்கிறார். உப்பு ஏகபோகத்தைக் கண்டிக்கிறார். விளைச்சலில் ஏறக்குறைய பாதியைக் குடியானவனிடமிருந்து பிடுங்கும் நிலவரியைக் கண்டிக்கிறார். இந்தியச் சிப்பாய்களைக் கொண்டே இந்தியர்களை அடக்கிவைக்கும் தந்திரத்தைக் கண்டிக்கிறார். 1851-இல்! சிப்பாய்ப் புரட்சிக்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், தண்டி யாத்திரைக்கு 79 ஆண்டுகளுக்கு முன். எழுதியவர் டெர்பி நகரத்து ஆசிரியர் ஒருவரின் மகன், இந்தியாவைக் கண்ணால் கண்டிராதவர், பல்கலைக்கழகம் போகாதவர், ரயில்பாதைப் பொறியாளராக வேலை பார்த்துவிட்டுப் பத்திரிகையில் துணையாசிரியராக இருந்தவர்.

அந்தச் சமயத்தில் லண்டனில் இன்னொரு தாராளவாதத் தத்துவஞானி இருந்தார். ஜான் ஸ்டூவர்ட் மில். 1823-இல் கம்பெனி வேலையில் சேர்ந்து 1858-இல் ஓய்வு பெற்றவர். கம்பெனியின் ஆட்சியுரிமையைப் பறிக்க நாடாளுமன்றம் முனைந்தபோது கம்பெனி சார்பில் தற்காப்பு மனு எழுதியவர் அவர்தான். 1859-இல் வந்த 'சுதந்திரம்' பற்றிய நூலில், நாகரிகம் முதிராத மக்களை அவர்களுடைய நன்மைக்காகச் சர்வாதிகாரத்தால் ஆள்வது முறையே என்று விதிவிலக்கும் வைத்தார். மில்லிடம் பெருந்தன்மை நிறைய உண்டு. 1866-இல் ஸ்பென்சரின் நூல்வரிசை பணமின்றி நிற்கப்போனபோது, பதிப்பாளரின் நட்டத்தைத் தாமே ஏற்பதாக முன்வந்தவர் அவர், ஸ்பென்சர் ஏற்கவில்லை. ஆனால் சுதந்திரத்துக்கு விதிவிலக்கு வைத்தவரை நம் வகுப்பறைகளில் சுதந்திரத்தின் ஆசான் என்று போற்றுகிறோம். கம்பெனி ஆட்சியை அதே பத்தாண்டில் கொடுங்கோன்மை என்று அழைத்தவரை ஏகாதிபத்தியவாதி என்று ஏசுகிறோம். இந்தத் தலைகீழ்க் கணக்கை எப்படிப் பொறுப்பது?

1851-இல் எழுதிவிட்டு அவர் மறந்துபோகவும் இல்லை. 1865-இல் ஜமைக்காவில் ஆளுநர் ஐர் 400-க்கும் மேற்பட்ட கறுப்பின மக்களைக் கொன்று கிளர்ச்சியை ஒடுக்கியபோது, அவர் மீது வழக்குத் தொடர அமைந்த ஜமைக்கா குழுவில் மில், டார்வின், ஹக்ஸ்லி ஆகியோருடன் ஸ்பென்சரும் சேர்ந்தார். 1882-இல் ஆக்கிரமிப்பு எதிர்ப்புக் கழகம் ஒன்றை உருவாக்க ஓடியாடி உழைத்தார்; அதில் கெட்ட உடல்நிலை பிறகு தேறவே இல்லை என்று அவரே எழுதியிருக்கிறார். ஆனாலும் அதே ஆண்டு பிரிட்டிஷ் கடற்படை எகிப்தின் அலெக்ஸாண்டிரியா மீது குண்டு வீசியது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போரில் நாடே வெறிகொண்டு கூவியபோது எதிர்த்து நின்றார். 1902-இல் வெளியிட்ட கடைசி நூலில், ஏகாதிபத்தியம் ஆளப்படுகிறவர்களை மட்டுமின்றி ஆள்கிறவர்களையும் அடிமையாக்கும், நாடு காட்டுமிராண்டித்தனத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது என்று எழுதினார். ஆப்கன் போர்க்காலத்து நிகழ்ச்சி ஒன்றையும் அங்கே சொல்கிறார். பிரிட்டிஷ் படை ஆபத்தில் இருப்பதாக ராணுவத்தவர் ஒருவர் கவலையோடு சொன்னாராம். நியாயமா என்று கேளாமல், உத்தரவு வந்தால் எவரையும் சுடக் கூலிக்குப் போகிறவர்கள் தாங்களே சுடப்பட்டால் எனக்குக் கவலையில்லை என்று இவர் பதில் சொன்னாராம். பேரரசின் உச்சத்தில், லண்டன் மேட்டுக்குடி மன்றத்தில் சொன்ன சொல் இது. ஏகாதிபத்தியத்தின் தத்துவஞானி பேசும் பேச்சா?

அவரைச் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் நம் நாட்டில் இருந்தார்கள். 1903 டிசம்பர் 8 அன்று பிரைட்டனில் ஸ்பென்சர் இறந்தார். லண்டன் கோல்டர்ஸ் கிரீனில் தகனம் நடந்தது. அங்கேயே எழுந்து, அவர் பெயரில் ஆக்ஸ்ஃபோர்டில் சொற்பொழிவு அமைக்க 1,000 பவுண்ட் தருவதாக அறிவித்தவர் கட்ச் பகுதியில் மாண்டவியில் பிறந்த ஷியாம்ஜி கிருஷ்ணவர்மா. அடுத்து, ஸ்பென்சர் பெயரில் இந்திய மாணவர்களுக்கு உதவித்தொகை ஏற்படுத்தினார். அதைப் பெறுகிறவர்கள் பிரிட்டிஷ் அரசு வேலைக்குப் போகக் கூடாது என்பது நிபந்தனை. 1905 ஜனவரியில் 'இந்தியன் சோஷியாலஜிஸ்ட்' ஏட்டைத் தொடங்கியபோது, பிறர் சுதந்திரத்தைக் கெடுக்காதவரை எவனும் தன் விருப்பப்படி நடக்கலாம் என்ற ஸ்பென்சரின் விதியையும், ஆக்கிரமிப்பை எதிர்ப்பது உரிமை மட்டுமன்று, கடமையும்கூட என்ற அவர் கருத்தையும் முகப்பிலேயே பொறித்தார். அந்த ஏட்டை அச்சிட்டதற்காக 1909-இல் ஆங்கிலேயர் இருவர் சிறை சென்றார்கள். அதே 1905-இல் லண்டன் ஹைகேட்டில் ஷியாம்ஜி திறந்த இந்தியா ஹவுஸில்தான் வரகனேரி வ.வே.சு. ஐயரும் எம்.பி.டி. ஆச்சார்யாவும் புரட்சி அரசியலில் இறங்கினார்கள். பேரரசை உடைக்கப் புறப்பட்டவர்கள் தங்கள் ஏட்டின் நெற்றியில் எழுதிக்கொண்ட பெயரை, அந்தப் பேரரசின் ஏவலாள் என்று நாம் பாடம் நடத்துகிறோம்.

இனி அவருடைய உண்மையான குற்றங்கள். 1848-49-இல் காலரா இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 50,000-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றிருந்தது. அது ஓய்ந்த கையோடு, அரசு சுகாதாரத்தில் தலையிடக் கூடாது, சாக்கடையும் அதன் வேலையன்று என்று ஸ்பென்சர் எழுதினார். தனி மனிதனின் பரிவால் பாதாளச் சாக்கடை கட்ட முடியாது. அண்டை வீட்டின் கழிவு என் கிணற்றில் இறங்குவதும் என் சுதந்திரத்தின் மீது நடக்கும் அத்துமீறல்தான். தன் சொந்த விதியை வைத்தே அவர் இதைக் கண்டிருக்க வேண்டும். காணவில்லை. அரசுப் பள்ளியையும் பொது நூலகத்தையும் எதிர்த்தார். அதுவும் தவறு. அவர் சொன்னபடி நடந்திருந்தால் ஏழைப் பிள்ளைகள் பலர் எழுத்தே அறிந்திருக்க மாட்டார்கள்.

'பழங்குடி மனிதன்' பற்றி அவர் எழுதியவற்றில் இனத் தாழ்வு கற்பிக்கும் வரிகள் நிறைய. இனக் கலப்பு கூடாது என்று 1892-இல் ஜப்பானியர் ஒருவருக்கு எழுதிய கடிதம், உயிரியல் என்ற பெயரில் சொன்ன பிதற்றல். ஆனால் அதே கடிதத்தின் மையமான அறிவுரை, ஐரோப்பியர்களை எட்டவே நிறுத்துங்கள், அவர்களுக்கு நிலத்திலும் சுரங்கத்திலும் உரிமை கொடுக்காதீர்கள் என்பது. மக்களை மேல் கீழ் என்று அடுக்கிய தவறு அவர் காலத்து அறிஞர் பலரிடமும் இருந்தது. அந்த அடுக்கிலிருந்து, மேலிருப்பவன் கீழிருப்பவனை ஆளலாம் என்ற முடிவுக்கு அவர் போகவில்லை. மற்றவர்கள் போனார்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது அவருடைய பின்வாங்கல். 1851-இல், நிலம் தனிமனிதன் உடைமையாக முடியாது, அது சமூகத்துக்குப் பொது என்று எழுதினார். மில்லின் புகழ்பெற்ற நூலுக்கு 18 ஆண்டுகள் முந்தி, பெண்களுக்கு ஆண்களோடு சம உரிமை வேண்டும், அரசியல் உரிமையும் வேண்டும், மனைவியின் மீது கணவனின் அதிகாரம் காட்டுமிராண்டிக் காலத்தின் எச்சம் என்று எழுதினார். 1892-இல் அந்த நூலைச் சுருக்கி வெளியிட்டபோது நிலம் பற்றிய அத்தியாயத்தை எடுத்துவிட்டார். பெண்களின் வாக்குரிமையையும் கைவிட்டார். யாருக்கும் தொப்பியைக் கழற்றி வணங்காத தந்தையின் மகன் நிலவுடைமையாளர்களுக்கு இணங்கிப்போனதாகக் குற்றஞ்சாட்டி, அமெரிக்கப் பொருளியலர் ஹென்றி ஜார்ஜ் அதே ஆண்டில் ஒரு முழு நூலே எழுதினார். அந்தத் தாக்குதலில் நியாயம் இருந்தது. ஸ்பென்சரைக் கூண்டில் ஏற்ற வேண்டுமானால் இந்த வழக்குக்காக ஏற்றலாம். சாட்சியும் ஆவணமும் கையில் இருக்கின்றன.

கொலைகாரத் தத்துவம் எழுதினார் என்ற வழக்குக்கு ஆவணம் இல்லை. பாடநூல் எழுதுகிறவர்களிடமும் வகுப்பு நடத்துகிறவர்களிடமும் கேட்டுக்கொள்கிறேன்: ஸ்பென்சருக்கு நீங்கள் ஒதுக்கும் அரைப் பக்கத்தில், கிழக்கிந்தியக் கம்பெனியைப் பற்றி அவர் 1851-இல் எழுதியதற்கும் ஷியாம்ஜியின் ஏட்டு முகப்புக்கும் இரண்டு வரி கொடுங்கள். அவருடைய சாக்கடைத் தவறையும் நிலத் துரோகத்தையும் அதற்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். 'சமூக டார்வினியர்' என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.